தறிச் சத்தம், தக்காளிச் சத்தம்: கொங்கு வாசகர்களின் ஒலிக் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ஆலைகளிலும் தறிக் குடோன்களிலும் சத்தமும் அதிர்வும் அளந்து கொடுப்பது என் வேலை. அதனால் ஒலியைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு நாலு வரி போதும். சோமனூர்க் கேள்விக்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொண்டேன், வேண்டுமென்றேதான்.

கிணத்துக்கடவு விவசாயி: எங்கள் தோட்டத்திலிருந்து தண்டவாளம் 3 கிலோமீட்டர் இருக்குமுங்க. பகலில் ரயில் போவதே தெரியாது. விடியற்காலையில் மட்டும் பக்கத்தில் வருவது போலக் கேட்கிறது. ஊர் அமைதியாக இருப்பதனாலா?

அமைதி ஒரு காரணம்தான். பெரிய காரணம் காற்றின் சூடு. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த வேகம் 0.6 மீட்டர் கூடும். இரட்டை மாட்டு வண்டியில் வலது மாடு எட்டி நடந்தால் வண்டி இடப்பக்கம் திரும்புமல்லவா, அது போலத்தான் இதுவும். பகலில் மண் காய்ந்து, அதை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஒலி அலையின் கீழ்ப்பக்கம் வேகமாகவும் மேல்பக்கம் மெதுவாகவும் ஓடுவதால் அலை வானத்தைப் பார்த்து வளைந்துவிடும். ரயில் சத்தம் உங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. விடியற்காலையில் நிலைமை தலைகீழ். மண் குளிர்ந்து, தரையை ஒட்டிக் குளிர்காற்றும் அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றும் இருக்கும். அப்போது அலை கீழ்நோக்கி வளைந்து உங்கள் வாசலில் இறங்கும்.

உங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. தரையருகில் மரமும் வேலியும் தடுப்பதால் காற்று மெதுவாக வீசும், உயரத்தில் வேகமாக வீசும். காற்று போகும் திசையில் ஒலி கீழே வளையும். எதிர்த்திசையில் மேலே வளையும். ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கி கிழக்கே இருப்பவர்களுக்குக் காதைப் பிளப்பதும், மேற்கே அதே தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் போவதும் இதனால்தான்.

இது ஒரு சண்டையையே திசை திருப்பியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி மாநிலத்து ஐயூகாவில் வடக்குப் படையின் ஒரு பிரிவு, இன்னொரு பிரிவின் பீரங்கிச் சத்தம் கேட்டதும் தாக்குவதென்று காத்திருந்தது. சில மைல் தள்ளிக் கடும் சண்டை நடந்தது. காற்று எதிர்ப்பக்கமாக வீசியதால் சத்தம் வந்து சேரவே இல்லை. காத்திருந்தவர்கள் கடைசி வரை நகரவில்லை.

சோமனூர் வாசகி: அப்பா 32 வருடம் விசைத்தறி ஓட்டியவர். கூப்பிட்டால் திரும்புகிறார். ஆனால் என்ன சொன்னோம் என்று புரியாமல் "என்ன சொன்னே?" என்கிறார். சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்தறே" என்று கோபப்படுகிறார். காது கேட்கிறதா, கேட்கவில்லையா?

அம்மணி, கேட்கிறது, புரியவில்லை. இரண்டும் வேறு வேறு. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் முதலில் சொல்லிவிடுங்கள்.

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு சுருளுக்குள் மயிரிழைச் செல்கள் இருக்கின்றன, ஒரு காதில் சுமார் 15,000. ஒலி உள்ளே வந்து இவற்றின் நுனியை அசைத்தால்தான் நரம்புக்குச் செய்தி போகும். நெடுநாள் இரைச்சலில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 4,000 அதிர்வை, ஒட்டிய கீச்சென்ற மேல் ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். பேச்சில் உயிரெழுத்துகள் கீழ் ஒலிகளில் பலமாக இருக்கும். ச, த, ப, க போன்ற மெய்களின் அடையாளம் மேல் ஒலிகளில், அதுவும் மெல்லியதாக இருக்கும். மேல் ஒலி போனவருக்குக் "கல்", "பல்" எல்லாம் வெறும் "அல்" தான். நீங்கள் கத்தும்போது உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகிறது, மெய் தெளிவாவதில்லை. அவருக்கு அது வெறும் அதட்டலாகத்தான் கேட்கும். முகத்துக்கு நேரே நின்று, டிவியை நிறுத்திவிட்டு, சற்று நிதானமாகப் பேசுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்புத் திறன் பரிசோதனை செய்து, தேவையென்றால் காது மிஷின் வைத்துக்கொள்ளட்டும். தள்ளிப் போட வேண்டாம்.

இது புதிய நோய் இல்லை. வெனிஸ் நகரில் நாள் முழுக்கச் செம்பு தட்டுகிறவர்கள் செவிடாகிப் போவதை இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1713இலேயே எழுதிவைத்தார். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி, தறியில் இன்றைக்கும் நிற்பவர்களுக்கு. சத்தத்தின் பலத்தை அளக்கும் டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு மாதிரி இல்லை. ஒரு தறி 90 டெசிபல் என்றால் பக்கத்தில் அதே போல இன்னொன்று ஓடினால் 180 ஆகாது, 93 ஆகும். 8 தறி ஓடினால் 99. அதில் 4 தறியை நிறுத்தினால் 96க்குத்தான் இறங்கும். காதுக்குப் பெரிய மாற்றமே தெரியாது, ஆனால் காதில் விழும் சக்தி பாதியாகியிருக்கும். மருத்துவ ஆய்வுகள் ஏற்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி. நம் தறிக் குடோன்களில் நான் பெரும்பாலும் பார்க்கும் அளவு 95ஐத் தாண்டியது. அங்கே ஷிப்ட் 12 மணி நேரம்!

இதிலும் கொடுமையான ஒன்றை 2009இல் அமெரிக்காவில் குஜாவா, லீபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டுபிடித்தார்கள். சில மணி நேரப் பெருஞ்சத்தத்துக்குப் பிறகு எலிகளின் காது மந்தமாகி, சில நாளில் பழையபடி சரியாகிவிட்டது. சோதனையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் உள்ளே பார்த்தால், மயிரிழைச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் சில பகுதிகளில் பாதி வரை அழிந்திருந்தன, திரும்ப வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் காது "ங்ங்" என்று அடைக்கிறது, காலையில் சரியாகிவிடுகிறது என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு இந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்தச் செல்கள் வளராதா என்று கேட்பீர்கள். மனிதருக்குப் பிறக்கும்போது இருப்பதுதான் கடைசி வரை. ஆனால் கோழிக்கு வளர்கிறது! பெருஞ்சத்தத்தால் செத்துப்போன மயிரிழைச் செல்கள் கோழிக்குஞ்சின் காதில் மறுபடி முளைப்பதை 1987இல் கவனித்தார்கள். 1988இல் சயன்ஸ் இதழில் இரண்டு குழுக்கள் அதை உறுதி செய்தன. ஒரு குழு பார்த்தது கோழிக்குஞ்சை, இன்னொரு குழு பார்த்தது வளர்ந்த காடையை. பக்கத்தில் இருக்கும் தாங்கு செல்கள் பிரிந்து புதுச் செல்லாகின்றன. நாமக்கல்லிலும் பல்லடத்திலும் லட்சக்கணக்கில் வளரும் கோழிகளிடம் இருக்கும் அந்த வித்தையை மனிதக் காதில் எழுப்ப முடியுமா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் வைத்தியமாகவில்லை.

அதுவரை அடைப்பான்தான் வழி. தயவு செய்து பஞ்சு வைக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் பஞ்சு கிடப்பதால் எல்லோரும் அதைத்தான் திணிக்கிறார்கள். இழைகளுக்கு நடுவே ஒலி தாராளமாகப் போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற காதடைப்பானை விரலில் உருட்டி மெலிதாக்கி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, உப்பும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நாடா அடிக்கும் ஓசை அப்போதும் கேட்கும். நூல் அறுந்தால் தெரியாமல் போகுமே என்று பயப்பட வேண்டாம்.

தாராபுரம் வாசகர்: எங்கள் காட்டில் மயில் தொல்லை தாங்கவில்லை, அது வேறு கதை. தோகை விரித்து அது உதறும்போது அருகில் நின்றால் காதில் ஏதோ அமுக்குவது போல இருக்கிறது. நிஜமா, பிரமையா?

நிஜமாக இருக்க இடம் உண்டு. மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பிடிக்காது. மயில் தோகையை உதறும்போது அதற்கும் கீழான ஒலி வருவதை ஏஞ்சலா ஃப்ரீமன், ஜேம்ஸ் ஹேர் என்ற கனடா ஆய்வாளர்கள் பதிவு செய்து 2015இல் வெளியிட்டார்கள். அந்த ஒலியை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டியதும் ஆண், பெண் இரண்டும் தலை தூக்கிக் கவனித்தன. அடுத்த ஆண்டு ராஸ்லின் டேக்கின் குழு தோகை வினாடிக்குச் சுமார் 25 முறை அதிர்வதை அளந்தது. தோகை முழுக்க நடுங்கினாலும் கண் போன்ற அந்த வட்டங்கள் மட்டும் அசையாமல் நிற்பது போலத் தெரியும், அங்கே இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிணைந்திருப்பதால். பின்னர் 2018இல் இன்னொன்றும் தெரிந்தது. பெண் மயிலின் தலைக் கொண்டை, ஆண் தோகை அதிரும் அதே வேகத்துக்குத் தானும் ஒத்து அதிரும்படி அமைந்திருக்கிறது.

உடுமலை விவசாயி: தண்ணீர் இல்லாவிட்டால் தக்காளிச் செடி அழுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

சத்தம் போடுகிறது; அழவில்லை. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலாக் ஹடானி குழு 2023இல் செல் இதழில் வெளியிட்ட ஆய்வு இது. தண்ணீர் காய்ந்த, அல்லது தண்டு வெட்டுப்பட்ட தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 முறை வரை "டிக்" என்று சொடுக்கின. நல்ல நிலையில் இருந்த செடி மணிக்கு ஒரு முறைகூடச் சொடுக்கவில்லை. வாட்டம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இது தொடங்கிவிட்டது. 40,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி என்பதால் நமக்குக் கேட்காது, நம் காதின் உச்சவரம்பு 20,000. வௌவால், எலி, அந்துப்பூச்சி இவற்றுக்குக் கேட்கலாம். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்களில் தண்ணீர் பற்றாமல் காற்றுக் குமிழி உண்டாகி உடைவதால் இந்தச் சொடுக்கு வருகிறது என்பதே இப்போதைய விளக்கம்.

சத்தத்தைக் கேட்டுச் சொட்டுநீர் திறந்துவிடும் காலம் வரலாம். ஆனால் உங்களுக்கு இன்றைக்கே பயன்படும் அதிர்வு வேறு இருக்கிறது. தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் சிறு துளையுள்ள குழாய்க்குள் அடைந்திருக்கும், குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டு மாதிரி இருக்கும் தச்சுத் தேனீயும், நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிட்டு அதை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆகவே வேலியோரம் பட்டுப்போன கட்டையில் தச்சுத் தேனீ துளை போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். பூத்திருக்கும்போது காலை வேளையில் மருந்தடிக்காதீர்கள். பசுமைக் குடிலில் பயிரிடுபவர்கள் பந்தல் கம்பியைத் தட்டிவிட்டாலே காய் பிடிப்பு கூடும்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்புக்காரர்: மரத்தில் காதை வைத்தால் உள்ளே கொறிக்கும் சத்தம் கேட்கும் என்று அப்புச்சி சொல்வார். சரிதானா?

முழுக்கச் சரி. சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டைக் குடையும் சத்தம் அது. பேரீச்சை வளர்க்கும் அரபு நாடுகளில் மரத்தில் உணர்கருவி பொருத்தி இதைத்தான் கேட்கிறார்கள். ஒன்று மட்டும்: வெறுங்காதுக்குக் கேட்கிறதென்றால் உள்ளே சேதம் முற்றியிருக்கும். துளையும் அதிலிருந்து வடியும் பழுப்புச் சாறும் கண்ணில் பட்டதுமே பாருங்கள்.

பல்லடம் வாசகி: போன மாதம் திடீரென்று பெரிய வெடிச் சத்தம். ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. பூகம்பம் என்று ஒரே பேச்சு. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜன்னல் நடுங்கி, தரை நடுங்காமல், "டும் டும்" என்று அடுத்தடுத்து இரண்டு இடி கேட்டால் அது ஒலியைவிட வேகமாகப் போகும் போர் விமானம். மூக்கிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று. நமக்குப் பக்கத்திலேயே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. முதலில் காலுக்கடியில் ஓர் அதிர்ச்சி, அப்புறம் காற்றில் "தும்" என்றால் கல்குவாரி வெடி. பாறையில் அதிர்வு காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடிவருவதால் இந்த முன்பின். பூகம்பத்தில் தரையே ஆடும், தொங்கும் விளக்கும் மின்விசிறியும் ஊசலாடும்.

ஒலிவேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில்தான் வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. படகுக்குப் பின்னால் அலை விரிவது போல, வேகம் குறையாமல் இருக்கும் வரை விமானம் அந்த இடியை வழி நெடுக இழுத்துக்கொண்டே போகும். 30,000 அடி உயரத்தில் பறந்தால் கீழே சுமார் 50 கிலோமீட்டர் அகலத்துக்கு அது கேட்கும்.

அதே இடி நம் ஊர்த் திருவிழாவிலும் கேட்கிறது. சாட்டையைச் சொடுக்கும்போது எழும் "படீர்" அதுதான். சாட்டையில் ஒரு வளைவு கைப்பிடியிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. கயிறு மெலியமெலிய வளைவின் வேகம் ஏறி, ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் நுனி ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் இருக்கும். வெடிப்பது அந்த வளைவுதான் என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் கோரியலி, மக்மில்லன் இருவரும் 2002இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விமானத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே ஒலியைத் தாண்டியது சாட்டை.

கோபி, தப்பட்டைக் கலைஞர்: தப்பட்டையைத் தீயில் காய்ச்சாமல் அடிக்க முடியாது. மிருதங்கத்துக்குத் தீ வேண்டாம், கருப்பு வேண்டும். என்ன வித்தியாசமுங்க?

தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும். தீ அந்த ஈரத்தை வாங்கிவிட, தோல் விறைத்து ஸ்வரம் ஏறும். ஸ்வரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை நாலு மடங்காக வேண்டும். அதனால்தான் காய்ச்சி முடித்த முதல் சில நிமிடத்தில் இருக்கும் அந்தக் கணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது.

மிருதங்கம் இன்னொரு அதிசயம். வெறும் வட்டத் தோலை அடித்தால் அடிப்படை ஒலியைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கில் உப ஒலிகள் எழும். இவை முழு எண்களாக இல்லாததால் சுருதி சேராது, வெறும் முழக்கமாகவே கேட்கும். தப்பட்டைக்கு அந்த முழக்கம்தான் பலம். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசும் கருப்புப் பகுதியின் கனம் இந்த உப ஒலிகளை இழுத்து 2, 3, 4, 5 என்று வரிசைப்படுத்திவிடுகிறது. தந்தி வாத்தியத்தின் ஒழுங்கு தோலுக்கு வந்துவிடுகிறது. இதை உலகத்துக்குச் சொன்னவர் சர் சி.வி. ராமன். சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார், 1934இல் விரிவாக எழுதினார். தோலின் மேல் மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோடுகளைப் பார்த்தே பலவற்றைப் பிடித்தார். ஒளிக்கு நோபல் வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒலியில் அவர் செய்ததைப் பள்ளிப் பாடத்திலும் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒன்றையும் மறக்கக் கூடாது: அந்தப் பூச்சை எவ்வளவு கனத்தில் போட வேண்டும் என்று காதால் கேட்டே கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியாத வாத்தியம் செய்யும் கைவினைஞர்கள்.

வால்பாறை, தேயிலைத் தோட்டத் தொழிலாளி: யானைக் கூட்டம் பிரிந்து மேய்கிறது. ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன. எப்படி?

சத்தம் இருந்திருக்கும், உங்களுக்குத்தான் எட்டவில்லை. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பெய்ன் ஆசிய யானைகளின் அருகில் நின்றிருந்தபோது, காற்றில் ஏதோ துடிப்பதை உடம்பால் உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் குழாயின் அருகே நின்று பாடியபோது இருந்த அதே துடிப்பு. மறுபடி போய்ப் பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓட்டிக் கேட்டபோது யானைகளின் உறுமல் வெளிப்பட்டது: 14 முதல் 24 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலியை மரமும் இலையும் அதிகம் விழுங்காது, கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆப்பிரிக்க யானைகள் மண் வழியாக வரும் அதிர்வையும் காலால் வாங்கிக்கொள்வதை கெய்ட்லின் ஓ'கானல் நமீபியாவில் காட்டினார். மேயும் யானை சட்டென்று உறைந்து, முன்காலில் பாரத்தை ஊன்றி அசையாமல் நின்றால், அது எதையோ கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் நீங்களும் விலகிப் போய்விடுங்கள்.

கோவை வாசகர்: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஏன் "ம்ம்ம்" என்கிறது?

நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிருக்கும் இரும்பு இரண்டு முறை இம்மியளவு நீண்டு சுருங்கும். ஆக 100 ஹெர்ட்ஸ் முனகல். அந்த 50, நொடிக்கு நொடி இம்மி ஏறி இறங்கும், அதுவும் மின்தொகுப்பு முழுக்க ஒரே மாதிரி. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகம் தேசியத் தொகுப்போடு இணைந்ததிலிருந்து உங்கள் தெரு முனகலும் டெல்லி முனகலும் ஒரே தாளம். ஒலிப்பதிவுகளில் ஒட்டிக்கொள்ளும் இந்த முனகலை வைத்து, பதிவை இடையில் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று தடயவியல் நிபுணர்கள் பார்க்கிறார்கள்.

கரூர் வாசகி: இரவில் குழாய் சொட்டும் "டொக்" சத்தத்தில் தூக்கமே வருவதில்லை. இவ்வளவு சின்னச் சொட்டுக்கு இவ்வளவு சத்தமா?

சொட்டு தண்ணீரில் மோதுவதால் வரும் சத்தம் இல்லை அது. சொட்டு விழுந்த குழி மூடும்போது அடியில் ஒரு சிறு காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். அந்தக் குமிழி துடித்து, தண்ணீரின் மேற்பரப்பையே பறைத்தோல் போல அதிரவைக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் குழு அதிவேகக் கேமராவும் நீருக்கடியில் கேட்கும் மைக்கும் வைத்து 2018இல் இதைக் காட்டியது. பிரேசிலில் நண்பர் வீட்டில் ஒழுகும் கூரைக்கடியில் வைத்த வாளி அவரைத் தூங்கவிடாததுதான் தொடக்கம். வைத்தியமும் அவரே சொல்லியிருக்கிறார்: குழாய்க்கு அடியில் இருக்கும் வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை விடுங்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, குமிழி மாட்டாது. சத்தம் அப்போதே நிற்கும். வாஷரைக் காலையில் மாற்றிக்கொள்ளலாம்.